சுவருக்கு வெளியே கேட்ட கச்சேரி

புதுச்சேரியில் நல்ல பாட்டு எங்கே கேட்கலாம் என்று தனக்கொடியிடம் கேட்டால், ஹோட்டல் பெயரைச் சொல்ல மாட்டாள். சுவரைத்தான் அடையாளம் சொல்வாள்.

"டிரான்ஸ்பார்மருக்கு எதுத்தாப்ல ஒரு மஞ்சச் செவுரு இருக்குதில்ல, அங்க நின்னா வயலின் நல்லா கேக்கும். ரெண்டு அடி தள்ளி நின்னின்னா ஏசி மிஷின் சத்தம்தான் கேக்கும், பாத்துக்க."

இப்படி நகரத்துக்குள் பதினேழு சுவர்கள் அவளுக்குத் தெரியும். எந்தக் கிழமை எந்தச் சுவரில் கிடார், எந்தச் சுவரில் டிரம்ஸ், எந்த ஹோட்டலில் ஆட்கள் மாறிவிட்டார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. வயது ஐம்பத்தொன்று. கருவடிக்குப்பத்தில் வாய்க்கால் மேட்டுத் தெரு. அப்பாவும் கணவர் சுப்பிரமணியனும் மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் நின்றதும் சுப்பிரமணியன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் ஆனார். தனக்கொடி ஒரு லாண்டரியில் சேர்ந்தாள். ஹோட்டல்களின் அழுக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசைத் துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி மொபெட்டில் கொண்டுவர வேண்டும். வெளுத்து, தேய்த்து, மடித்ததும் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை.

அதனால் பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுனில் இருக்கும் அத்தனை ஹோட்டலின் பின்கதவும் அவளுக்குப் பழக்கம். முன்கதவு வழியாக ஒன்றில்கூட நுழைந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளும் முயன்று பார்க்கவில்லை. மகள் செந்தமிழ்ச்செல்வி ஒருமுறை, "ஒரு நாளு உள்ள போயி உக்காந்து கேளேம்மா, நா கூட்டிக்கினு போறேன்" என்றாள்.

"உள்ள போனா சாப்பிடணும். வாயில மென்னுக்கினே காதால கேக்க எனக்கு வராது."

அதே மகள்தான் ஒரு பிறந்த நாளுக்கு நல்ல இயர்போன் வாங்கித் தந்தாள். தனக்கொடி இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள ஆளே இல்லடி" என்றாள்.

ஆள் வேண்டும் அவளுக்கு. இருமுகிற ஆள், மூச்சு வாங்குகிற ஆள், அவசரப்படுகிற ஆள். ஞாயிறு மாலை கடற்கரைச் சாலையில் பேண்டு வாசித்தால் கருங்கல் மேல் உட்கார்ந்து கடைசிவரை கேட்பாள். டிசம்பரில் கோயில் பாடகர் குழு ஒத்திகை பார்க்கும்போது, மாதா கோயில் பக்கவாட்டு வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு நிற்பாள். ஜூன் மாதத்தில், பிரெஞ்சு இசைத் திருநாள் என்று ஊரே தெருவில் இறங்கி வாசிக்கும் அந்த ஒரு நாளுக்கு, வருடா வருடம் அரை நாள் லீவு. பாட்டு என்ன மொழி என்றே பல நேரம் தெரியாது. ஆனால் மறுநாள் லாண்டரியில் விரிப்பு மடித்துக்கொண்டே சொல்வாள்: "போன வாரத்து டிரம்ஸ்காரன் இல்ல இது. இவனுக்குக் கால்ல கொஞ்சம் அவசரம்." விசாரித்தால் சரியாக இருக்கும்.

கோபமும் அவளுக்கு அதே வேகத்தில் வரும். ஒரு ஹோட்டல் காவலாளி, "இங்க நிக்காதம்மா, கஸ்டமருக்கு டிஸ்டர்ப்பா இருக்குது" என்று சொன்னபோது, நடைபாதை, தெருவிளக்கு, குப்பைத் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டி, "இதுல எதெல்லாம் உங்க மொதலாளி வாங்கிட்டாரு, சொல்லு. வாங்குனத வுட்டுட்டு மத்ததுல நிக்கிறேன்" என்று கேட்டாள். அவன் உள்ளே போய்விட்டான்.

இப்படிப்பட்ட காதும் இப்படிப்பட்ட வாயும் இருப்பதால்தான், அந்த வருடம் செடல் திருவிழாக் கச்சேரிப் பொறுப்பு அவள் தலையில் வந்து விழுந்தது.

வாய்க்கால் மேட்டுத் தெருவுக்கு ஆடி மாதக் கெங்கையம்மன் செடல்தான் பெரிய நாள். காலையில் முதுகில் அலகு குத்திக்கொள்ளும் செடல், மதியம் கூழ், சாயங்காலம் தெருமுனை மேடையில் கச்சேரி. முந்தைய வருடம் விழாக் குழு பிடித்து வந்த ஏதோ ஒரு நிகழ்ச்சிக் கம்பெனி பெரிய திரை வைத்தது, புகை விட்டது. மூன்றாவது பாட்டில் பாடகர் கையிலிருந்து மைக் நழுவிக் கீழே விழுந்தது. பாட்டு நிற்கவில்லை. பாடகர் குனிந்து மைக்கைத் தேடிக்கொண்டிருக்க, அவருடைய குரல் மட்டும் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. தெருவே பார்த்தது. அதைவிட மோசம், பின் தெருவும் பார்த்தது.

அதன்பிறகு ஒரு வருடம் முழுக்கப் பின் தெருக்காரர்கள் வாயில் இவர்கள்தான். தண்ணீர்க் குழாயடியில், பால் பூத்தில், பஸ் நிறுத்தத்தில்: "உங்க தெரு அம்மனுக்கு செல்போன்லயே கச்சேரி வெச்சுட்டீங்களாமே? சார்ஜ் எவ்ளோ போட்டீங்க?"

இந்த வருடக் கூட்டம் கோயில் வாசலில் நடந்தது. குழுத் தலைவர் நெடுமாறன் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் சுருக்கமாகச் சொல்வார்.

"பாட்டு பெருசா இருக்க வேணாம். திரை வேணாம். ஆளு பாடணும், ஆளு வாசிக்கணும். அவ்ளோதான்."

"அது நெசமா பாடறாங்களான்னு யாரு பாத்துச் சொல்றது?" என்று ஒருவர் கேட்டார்.

தையற்கடை அஞ்சலாட்சி, "ஊருல எவன் தும்முனாலும் எந்த சுருதின்னு சொல்றவ ஒருத்தி இங்கதான குந்திக்கினு இருக்கறா" என்று தனக்கொடியின் தோளைத் தட்டினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தனக்கொடி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். "நா பாத்துச் சொல்றேன். நா சொன்னா அதுக்கு நா பொறுப்பு. இந்த வருசம் ஒருத்தன் வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். யாரும் அவளிடம் அவ்வளவு கேட்கவில்லை. அவளாகவே கொடுத்த வாக்கு அது.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை முடிந்தபின் இன்னொரு வேலை. மூன்று குழுக்களைக் கேட்டுக் கழித்தாள். ஒன்றில் பாடகர் சுருதியை விட்டுவிட்டுத் தேடுகிறார். இன்னொன்றில் டிரம்ஸ் எல்லோரையும் மிதிக்கிறது. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவர்களுக்கு அன்று வேறு ஊரில் கல்யாணம்.

நான்காவதாகத்தான் அந்த மாடி ரெஸ்டாரன்ட். பழைய பெரிய வீடு, மேலே கூரை போட்ட மொட்டை மாடி, தெருவில் ஒரு பலகை: சனிக்கிழமை தோறும் லைவ் மியூசிக். கீழே சுவரை ஒட்டி மொபெட்டை நிறுத்தினாள். முதல் பாட்டிலேயே தனக்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது. மழையைப் பற்றிய ஒரு பழைய பாட்டு. ஒரு பெண் குரல், அடியில் தபலா, நடுவில் புல்லாங்குழல். புல்லாங்குழல் மேலே ஏறி, நின்று, ஒரு உருட்டு உருட்டிக் கீழே இறங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள்.

நான்கு சனிக்கிழமை போனாள். நான்கு வாரமும் ஒரு பிசகு இல்லை. அதே இடத்தில் அதே உருட்டு, அதே இடத்தில் அதே மூச்சு.

"இன்னா பயிற்சிடி அது!" என்று மகளிடம் சொன்னாள். "நாலு வாரமும் ஒரே அளவு. நூல் புடிச்சாப்ல. வீட்டுல எத்தினி மணி நேரம் உக்காந்து தேய்க்கிறாங்களோ."

நான்காவது சனிக்கிழமை பின்வாசலில் காத்திருந்தாள். குழுவின் தலைவர் அருள்முருகன் பெட்டிகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயது, கழுத்தில் மெல்லிய சங்கிலி, பேச்சில் சர்க்கரை.

"தெருக் கச்சேரி தம்பி. முழு செட்டும் வருமா?"

"ஆறு பேருக்கா. தபலா, ரிதம் பேட், கிடார், கீபோர்டு, புல்லாங்குழல், பாடற பொண்ணு. எல்லாம் லைவ்வு."

"எங்க தெருவுல போன வருசம் மைக்கு கீழ வுழுந்துச்சு, பாட்டு நிக்கல. அந்த மாதிரி கதையெல்லாம் வேணாம்."

"ஐயோ அக்கா," அருள்முருகன் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். "அந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்க பொழப்பே கெடுது."

தனக்கொடி அதை அப்படியே நம்பினாள். வந்து நெடுமாறனிடம் சொன்னாள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பால் பூத்தில் பின் தெருக்காரர் ஒருவர் வாயெடுத்தபோது, "நேர்ல வந்து முன் சேர்ல குந்து. கண்ணால பாரு" என்று அழைப்பே வைத்துவிட்டாள்.

செடல் அன்று தனக்கொடி முழு நாள் லீவு. காலையில் செடல் பார்த்து, கூழ் ஊற்றி, நான்கரைக்குக் குளித்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள். வேன் வந்திருந்தது. ஆறு பேரும் இறங்கியிருந்தார்கள். கச்சேரி ஆறரைக்கு. இப்போதே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மேடையின் பக்கவாட்டில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, நடுவில் சுவர் இல்லாமல் அவள் ஒரு கச்சேரியைப் பார்க்கப் போகிறாள்.

அருள்முருகன் எதையோ அழுத்தினார். "செக், செக்."

புல்லாங்குழல் கேட்டது. அதே மழைப் பாட்டு, அதே ஏற்றம். தனக்கொடி புல்லாங்குழல்காரரைப் பார்க்கத் திரும்பினாள். அவர் மேடைக்குக் கீழே டீ கேன் பக்கத்தில் நின்று பன் பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். குழல் அவர் அக்குளில் இருந்தது.

வேறு ஒருவர் வாசிக்கிறாரோ என்று நினைத்தாள். எண்ணினாள். ஆறு பேர்தான். தபலாக்காரர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். தபலா கேட்டது. கிடார்காரர் கழுத்தில் கிடார் தொங்கியது. அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கியது. அது எங்கே போகிறது என்று தனக்கொடியின் கண் பின்னாலேயே போனது. அவர் பேன்ட் பாக்கெட்டுக்குள் போய் முடிந்தது.

புல்லாங்குழல் மேலே ஏறி, நின்று, ஒரு உருட்டு உருட்டிக் கீழே இறங்கியது. அருள்முருகன் முன்னால் ஒரு லேப்டாப் திறந்திருந்தது.

தனக்கொடிக்கு முதலில் கோபம் வரவில்லை. முகம் சூடானது. நான்கு சனிக்கிழமை. அதே இடத்தில் அதே உருட்டு. வாசிக்கிற மனுஷனுக்கு ஒரு வாரம் சளி பிடிக்காதா, ஒரு வாரம் கை வலிக்காதா, ஒரு வாரம் உற்சாகம் வந்து நாலு தட்டு கூடத் தட்ட மாட்டானா? இந்த ஊரில் எத்தனை கை, எத்தனை கால் கேட்டவள் அவள்! பிசகே இல்லாததைத் திறமை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். மேலே உட்கார்ந்திருந்த எவனாவது ஒருவன் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கீழே நின்றவளுக்குப் பார்க்க வழியில்லை, மேலே இருந்தவர்களுக்குப் பார்க்க மனமில்லை.

அப்போதுதான் கோபம் வந்தது. எழுந்து நேராக மேடை ஏறினாள்.

"இன்னா தம்பி இது?"

அருள்முருகன் லேப்டாப்பைக் கையால் மறைத்தார். "சவுண்டு செட் பண்றோம்க்கா."

"புல்லாங்குழல் டீ குடிக்குது. யாரு ஊதுறா?"

"அது ட்ராக்குக்கா." குரல் இறங்கியது. "எல்லாரும் இப்பிடித்தான். பின்னணி இசை பெட்டியில இருந்து வரும். பொண்ணு பாடும்."

"அந்தப் பொண்ணாவது பாடுதா?"

பாடகி சிந்துஜாவுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். தலை குனிந்தாள். "மேல போற எடம் மட்டும் பெட்டியில இருக்கும்க்கா. மத்தது நான் பாடுவேன்."

"எல்லாம் லைவ்வுன்னு காதத் தொட்டுச் சொன்னியே!"

"ஆறு பேர் வருவோம்னேன், வந்துட்டோம்ல?" அருள்முருகன் இப்போது கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். "சும்மா கத்தாதீங்கக்கா. ரெண்டு வருசமா அந்த ஹோட்டல்ல நடக்குது. எவ்ளோ பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க, ஃபாரினர் வர்றாங்க, ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல. கை தட்டுறாங்க."

"அவங்க சாப்பிட வந்தவங்க. நா கேக்க வந்தவ."

"நீங்க ரோட்டுல நின்னு ஓசியிலதான கேட்டீங்க?"

தனக்கொடி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "ஆமா, ரோட்டுலதான் நின்னேன். நாலு வாரம், ஒத்தக் கால்ல நின்னேன். உன் ஓட்டல்ல தட்டு முன்னாடி குந்திக்கினு இருந்தவன் எவனாவது அப்பிடிக் கேட்டானா? கேட்டவளத்தான நீ ஏமாத்துன!"

சத்தம் கேட்டு நெடுமாறன் வந்தார். பின்னாலேயே அஞ்சலாட்சியும். விஷயத்தைக் கேட்டதும் நெடுமாறன் தெருவைப் பார்த்தார். மணி ஐந்தே முக்கால். நாற்காலிகள் பாதி நிரம்பியிருந்தன. முன்வரிசையில் பின் தெருக்காரர்கள், அழைப்பை மதித்து, குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தனக்கொடி," நெடுமாறன் மெதுவாகச் சொன்னார். "செடல் நாளு. ரகளை வேணாம். மைக்க மட்டும் கெட்டியா புடிச்சிக்கச் சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?"

"போன வருசம் நமக்கே தெரியாம ஏமாந்தோம். இந்த வருசம் தெரிஞ்சே நம்ம தெருவ நாமளே ஏமாத்தறதா?"

"இப்ப கச்சேரி இல்லன்னு சொன்னா மட்டும் மானம் நிக்குமா? வேற ஆளுக்கு எங்க போவ?"

"நா சொல்லித்தான வந்தாங்க? நா பொறுப்புன்னுதான சொன்னேன்?"

"அதுக்குத்தான் சொல்றேன். நீ வாய மூடிக்கினா உன் பேரும் தப்பிச்சிடும்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் தனக்கொடிக்குத் தாங்கவில்லை. பேர் தப்புவதற்கு வாயை மூட வேண்டும் என்றால், அந்தப் பேரை வைத்துக்கொண்டு நாளைக்கு எந்தச் சுவர் ஓரத்தில் போய் நிற்பது?

லேப்டாப்பின் மூடியைப் பட்டென்று சாத்தினாள். ஒயர்களைப் பிடுங்கினாள். பத்தொன்பது வருடம் விரிப்பு மடித்த கை. இடுப்பில் செருகியிருந்த துண்டை உதறி, பெட்டியைச் சுற்றி நான்கு மூலையும் மடித்து, தலையணை மாதிரி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அது நாப்பதாயிரம்!"

"இருக்கட்டும். கோயில் சாமான் ரூம்ல வெச்சுப் பூட்டிடறேன். கச்சேரி முடிஞ்சதும் வாங்கிக்க."

"பெட்டி இல்லாம எப்பிடிக்கா கச்சேரி?"

"கையி இருக்குதில்ல?"

போய்ப் பூட்டிவிட்டு வந்து, மேடை மேல் நின்று, ஒவ்வொருவராகக் கேட்டாள். உனக்கு நிஜமாகவே வாசிக்க வருமா, வராதா? டீ குடித்தவர் கையைக் கட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டார். "நா துணிக்கடையில சேல்ஸ்மேன்க்கா. சனிக்கெழமை மட்டும் இத வாயில வெச்சிக்கினு நிப்பேன். வெரல் மட்டும் அசைப்பேன்." கிடார்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். தபலாக்காரருக்குத் தபலாவைத் தூக்கத் தெரியும். பேட் தட்டும் முகிலன் மட்டும், "எனக்கு வரும்" என்றான். சொல்லும்போதே முகம் வெளிச்சமானது. கல்யாண பேண்டில் ஆறு வருடம் அடித்திருக்கிறான்.

"நீ?" என்றாள் அருள்முருகனைப் பார்த்து.

அவர் கழுத்துச் சங்கிலியைத் திருகினார். சிந்துஜாதான் சொன்னாள். "அண்ணன் கீபோர்டு நல்லா வாசிப்பாங்கக்கா. மின்னாடி பெரிய ட்ரூப்புல இருந்தாங்க. பெட்டி வந்த பொறவு வுட்டுட்டாங்க."

"எத்தினி வருசமா தொடல?"

"அஞ்சு," என்றார் அருள்முருகன். "கை வராதுக்கா. நெசமா சொல்றேன். அசிங்கமாப் போயிடும்."

"அசிங்கம் ஏற்கனவே ஆயாச்சு."

ஆறரைக்குத் தனக்கொடி மைக்கைப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல்முறை.

"எல்லாருக்கும் வணக்கம். இவங்கள நாந்தான் புடிச்சாந்தேன். நல்லா வாசிக்கிறாங்கன்னு நாந்தான் சொன்னேன். நா வெளிய நின்னு கேட்டுட்டு ஏமாந்துட்டேன். வாசிச்சது ஆளு இல்ல, பெட்டி. பெட்டியப் பூட்டியாச்சு. இப்ப மூணு பேருக்குத்தான் வேல தெரியும். அவங்களுக்கு வர்ற பாட்டப் பாடுவாங்க. புடிக்காதவங்க எழுந்து போங்க. திட்டணும்னா என்னத் திட்டுங்க."

முன்வரிசையில் பின் தெருக்காரர் ஒருவர், "அப்ப இந்த வருசமும் செல்போன்தானா?" என்று உரக்கக் கேட்டார். சிரிப்பு பரவியது.

"செல்போனா இருந்தா உனக்கு இத நா சொல்லியிருக்க மாட்டேன். நீயும் கை தட்டிட்டுப் போயிருப்ப," என்றாள் தனக்கொடி. சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவர் பெண்டாட்டியே சிரித்தாள்.

முதலில் அந்த மழைப் பாட்டு. அதைத்தான் அவர்கள் அதிகம் பாடியிருந்தார்கள். நான்காவது வரியில் அருள்முருகனின் விரல் வேறு கட்டையில் விழுந்தது. சிந்துஜா திரும்பிப் பார்த்தாள். முகிலன் நிறுத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி அடித்தான். மேலே ஏறும் இடம் வந்ததும் சிந்துஜாவின் வாய் திறந்தது, குரல் வரவில்லை. பெட்டி பாடும் என்று இரண்டு வருடமாகப் பழகிய தொண்டை. பாட்டு அப்படியே நடுவில் நின்றுபோனது. தெருவில் ஒரு குழந்தை மட்டும் அழுதது.

பின்வரிசையில் பதினைந்து இருபது பேர் எழுந்து போனார்கள். நாற்காலி இழுபடும் சத்தம் தனக்கொடியின் முதுகில் விழுந்தது. நெடுமாறன் வேட்டியைத் தட்டிக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற பாட்டு," என்றாள் தனக்கொடி, மேடையைப் பார்த்து. "உங்களுக்கு வர்றதப் பாடுங்க."

இரண்டாவது பாட்டு சின்னது, மேலே போகாதது. எப்படியோ கரை சேர்ந்தது. மூன்றாவதில் முகிலன் தெளிந்துவிட்டான். கல்யாண ஊர்வலத்தில் அடித்த அடியை எடுத்து விட்டான். மழைக்கும் வெயிலுக்கும் அடித்த கை அது. சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் வந்து ஆட ஆரம்பித்தார்கள். அருள்முருகன் கீபோர்டின் மேல் குனிந்து, ஒவ்வொரு கட்டையையும் சந்தேகப்பட்டுக்கொண்டே வாசித்தார். நெற்றியிலிருந்து வியர்வை கட்டைகளின் மேல் சொட்டியது. ஐந்தாவது பாட்டில் ஒரு இடத்தில் அவர் கை தானாகவே ஓடியது. ஓடியதை அவரே எதிர்பார்க்கவில்லை போல, சட்டென்று நிமிர்ந்தார். அதற்குள் தவறவும் விட்டார்.

தனக்கொடி கையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டிலேயே நின்றாள். கை தட்டவில்லை. அவளுக்கு எல்லாமே கேட்டது. கீபோர்டு அரை மாத்திரை பின்னால் வருகிறது. பெண் பயத்தில் மூச்சைச் சீக்கிரம் வாங்குகிறாள். முகிலன் உற்சாகத்தில் ஓடுகிறான். ஒவ்வொரு தவறுக்கும் அவள் கோபம் கூடியது. வாசிக்கத் தெரிந்த ஒருத்தரை ஐந்து வருடமாகப் பெட்டிக்குக் காவல் உட்கார வைத்த ஊர் மேல் கோபம். உட்கார்ந்த அவர் மேல் கோபம். பாடத் தெரிந்த பெண்ணின் பாதிக் குரலை வெட்டிப் பெட்டிக்குள் போட்டதை, லைவ் என்று பலகை எழுதித் தொங்கவிட்டவர்கள் மேல் கோபம். நான்கு வாரம் அதைக் கேட்டு உருகிய தன் காதின் மேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம்.

எட்டுப் பாட்டோடு சரக்குத் தீர்ந்தது. மணி எட்டுகூட ஆகவில்லை.

"இதுக்கு மேல மனப்பாடமா தெரியாதுக்கா," என்றாள் சிந்துஜா மைக்கிலேயே.

தெரு இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. "இதுக்கா ஒரு வருசம் காத்திருந்தோம்?" என்று ஒருவர். "பாவம், பொண்ணு நல்லாத்தான பாடிச்சு" என்று இன்னொருவர். "தனக்கொடி இன்னைக்கு ஆடாட்டி அம்மாம் பெரிய செட்டு பாத்திருக்கலாம்" என்று மூன்றாவது ஒருவர், அவள் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு," தனக்கொடி அவர் பக்கம் திரும்பினாள். "அதக் கேட்டுக்கிறேன். பொய்யே நல்லாருந்திருக்கும்னு சொல்லாத."

நெடுமாறன் மேடை அருகே வந்தார். முடித்துவிடலாமா என்று கண்ணால் கேட்டார்.

"முடிக்கக் கூடாது," என்றாள் தனக்கொடி. "மொதப் பாட்டு நடுவுல நின்னுச்சே. அத முழுசா பாடாம யாரும் எறங்கக் கூடாது."

"அக்கா, எனக்கு மேல போகாது," என்றாள் சிந்துஜா. கண் கலங்கியிருந்தது.

"ஒன் தொண்டைக்கு எட்டற எடத்துல ஆரம்பி. பெட்டியோட சுருதி எதுக்கு ஒனக்கு? யோவ் தம்பி, எறக்கி வாசி."

அருள்முருகன் கீபோர்டின் மேல் குனிந்தார். ஒரு கட்டையை அழுத்தினார். சிந்துஜா தலையாட்டினாள். இன்னும் கீழே ஒன்று. அவள் முணுமுணுத்துப் பார்த்தாள். இன்னும் ஒன்று. சரி என்றாள். முகிலன் கையைத் துடைத்துக்கொண்டான்.

மழைப் பாட்டு ஆரம்பித்தது. சுவருக்கு வெளியே கேட்டதைவிட மெதுவாக, அதைவிடக் கனமாக. புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அங்கே முகிலன் விரல் நுனியால் மட்டும் தட்டினான். எழுந்து போனவர்களில் சிலர் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மேலே ஏறும் இடம் நெருங்கியது. சிந்துஜா கண்ணை மூடினாள். அவள் மூச்சை இழுப்பது மைக்கில் கேட்டது.

அஞ்சலாட்சி தனக்கொடியின் கையைப் பிடித்து, "ஏண்டி, வந்துடுமா அவளுக்கு?" என்று கிசுகிசுத்தாள்.

"பேசாத. கேக்க வுடு."